பிசினஸ் வெப்சைட்டில் எங்கே தப்பு நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்சைட் போடப் போகிறவர்களும், போட்டுவிட்டு “ஒரு போன்கூட வரலையே” என்று காத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்பவர்களில் பெரும்பாலோர் நிறம், லோகோ, அனிமேஷன் பற்றித்தான் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் கைநழுவுவது பெரும்பாலும் வேறு இடத்தில்: வராத மெயில், திறக்காத படம், யார் பெயரிலோ இருக்கும் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்). அதனால் அழகைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதியிருக்கிறோம்.

1. முதல்ல டிசைன் முடிக்கணுமா, மேட்டர் எழுதணுமா?

மேட்டர். டிசைனர் காட்டும் மாதிரியில் ஒவ்வொரு பெட்டியிலும் சரியாக மூன்று வரி இருக்கும், எல்லாம் அளவெடுத்த மாதிரி பொருந்தும். நிஜ விவரம் வரும்போது ஒரு சேவைக்குச் சொல்ல ஒரு வரிதான் இருக்கும், இன்னொன்றுக்குப் பதினைந்து வரி இருக்கும். பெட்டி பிதுங்கும். உடனே விவரத்தை வெட்டுவார்கள். வாடிக்கையாளர் தேடி வந்ததே அந்த வெட்டுப்பட்ட வரியாக இருக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், உங்கள் இடத்தில் போன் எடுக்கும் ஆளிடம் கேளுங்கள். ஒரு வாரம் வரும் அழைப்புகளில் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள்: “குறைஞ்சது எத்தனை எடுக்கணும்?”, “எத்தனை நாள்ல கிடைக்கும்?”, “வந்து பொருத்தித் தருவீங்களா?” எந்தெந்தப் பக்கம் வேண்டும், எதில் என்ன எழுத வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும். ஒரு சேவைக்கு ஒரு பக்கம் என்று பிரியுங்கள். எல்லாவற்றையும் “எங்கள் சேவைகள்” என்ற ஒரே பக்கத்தில் கொட்டினால், எந்தத் தேடலுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று கூகுளுக்கும் புரியாது.

2. ஹோம் பேஜ்ல மேல என்ன போடறது?

ஸ்க்ரோல் செய்யாமலே தெரியும் பகுதியில் மூன்று விஷயம் போதும்: என்ன செய்கிறீர்கள், யாருக்குச் செய்கிறீர்கள், வந்தவர் அடுத்து எதைத் தொட வேண்டும். “தரமே எங்கள் தாரக மந்திரம்” என்ற தலைப்பு மருத்துவமனைக்கும் பொருந்தும், மரக்கடைக்கும் பொருந்தும். “ஓட்டல் சமையலறைகளுக்கான ஸ்டீல் மேசைகள், உங்கள் அளவுக்கே செய்து தருகிறோம்” என்பது ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். “உங்களை அன்புடன் வரவேற்கிறோம்” என்ற ஓடும் எழுத்தைக் கூச்சப்படாமல் எடுத்துவிடுங்கள்.

பட்டன் ஒன்றே முக்கியமாகத் தெரிய வேண்டும். “மேலும் அறிய”, “தொடர்புகொள்ள”, “பதிவிறக்க”, “எங்களைப் பற்றி” என நான்கு பட்டன் ஒரே நிறத்தில், ஒரே அளவில் நின்றால் எதையும் தொடாமல் போய்விடுவார்கள். பட்டனில் நடக்கப்போவதை எழுதுங்கள். “சமர்ப்பி” என்பதைவிட “விலைப்பட்டியல் கேட்க” என்பது தெளிவு.

3. ஸ்லைடர் இல்லாம சைட் வெறிச்னு இருக்காதா?

ஸ்லைடர் (மேலே ஒன்றன்பின் ஒன்றாக மாறும் படங்கள்) பெரும்பாலும் அலுவலகத்துக்குள் சண்டை வராமல் இருக்க வைக்கப்படுவது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படம், எல்லோருக்கும் திருப்தி. பார்ப்பவருக்கோ முதல் படம்தான் கண்ணில் படும். இரண்டாவது வருவதற்குள் கீழே இறங்கிவிடுவார், அல்லது படித்துக்கொண்டிருக்கும்போதே வரி நழுவிப் போகும். ஐந்து பெரிய படங்கள் இறங்குவதால் வேகமும் போகும். ஒரே ஒரு நல்ல படம் வையுங்கள், மீதி நான்கையும் அந்தந்தச் சேவைப் பக்கத்துக்கு அனுப்புங்கள். கட்டாயம் வேண்டும் என்றால் தானாக நகராமல் வைத்து, நகர்த்தும் அம்புக்குறியைப் பெரிதாகக் காட்டுங்கள்.

4. கம்ப்யூட்டர்ல சூப்பரா இருக்கு, போன்ல கண்றாவியா இருக்கு. ஏன்?

பெரிய மானிட்டரில் வரைந்து, பெரிய மானிட்டரிலேயே ஒப்புதல் வாங்கியதால். முதல் வரைபடத்தையே 360 பிக்சல் அகலத்தில், அதாவது போன் திரை அளவில் கேளுங்கள். அதில் இடம் பிடிக்காத எதுவும் பெரிய திரையிலும் அவசியமா என்று அப்போதே தெரிந்துவிடும். கூகுளும் தளத்தின் போன் வடிவத்தைப் படித்துத்தான் தேடல் பட்டியலில் சேர்க்கிறது. போனில் இடமில்லை என்று ஒரு பத்தியை எடுத்துவிட்டால், கூகுள் கணக்கில் அந்தப் பத்தியே இல்லை.

போனில் பார்க்க வேண்டியவை: பட்டன்கள் விரலுக்கு எட்டும் அளவில் உள்ளனவா? அணுகல்தன்மைக்கான சர்வதேச விதி குறைந்தது 24 பிக்சல் என்கிறது, ஆப்பிள் 44 என்கிறது. நாங்கள் 44-க்குக் கீழே போக வேண்டாம் என்போம். மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனு போனில் விரியாது, அங்கே மவுஸே இல்லை. போன் நம்பர் படத்துக்குள் இருக்கக் கூடாது, தொட்டால் டயல் ஆக வேண்டும். ஃபார்ம் கட்டத்தில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கமே பெரிதாகி ஒரு பக்கமாக ஒதுங்கும். “பக்கம் குதிக்குது” என்று வரும் புகார்களில் பல இதுதான்.

ஓரத்தில் மிதக்கும் சாட் பட்டனையும் பாருங்கள். ஃபார்மின் “அனுப்பு” பட்டன் மேல் அது உட்கார்ந்திருக்கும் தளங்கள் ஏராளம்.

5. வெளிர் சாம்பல் எழுத்து மாடர்னா இருக்கே, அதுல என்ன தப்பு?

இருட்டறையில் நல்ல மானிட்டரில் பார்க்கும்வரை தப்பில்லை. வெயிலில் போனைப் பிடித்தால் பக்கம் காலியாகத் தெரியும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும், பெரிய தலைப்புக்கு 3-க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் ஏறக்குறைய 2.8 தான் வரும், தேறாது. #767676 மயிரிழையில் தேறும். அதைவிட வெளிறினால் வேண்டாம் என்று டிசைனரிடம் சொல்லிவிடுங்கள். படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைப்பவர்கள் நடுவே படம் ஊடே தெரியும் மெல்லிய கறுப்புத் திரை போட மறந்துவிடுகிறார்கள். படம் மாறும் நாளில் எழுத்து காணாமல் போகும்.

6. தமிழ்ல பக்கம் போட்டா எழுத்து குளறுபடியா வருது. இங்கிலீஷ்ல மட்டும் வச்சுக்கலாமா?

வேண்டாம், காரணம் தெரிந்தால் சரிசெய்யக்கூடியதுதான். பழைய அச்சுக் கோப்புகளிலிருந்து ஒட்டிய மேட்டர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். கூகுளுக்கும் அப்படித்தான். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு.

அடுத்து, ஆங்கிலத்துக்காக அமைத்த டிசைனில் தமிழைத் திணிப்பது. வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு என்றிருந்தால் மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் மேல்விலங்கும் முட்டும். 1.6 முதல் 1.8 வரை வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்துக்கு வெட்டிய பட்டனில் “தொடர்புகொள்ளவும்” நுழையாது, இரண்டு வரியாக உடையும். பட்டன் அகலத்தை எண்ணாக நிர்ணயிக்காமல், உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்ப விரிய விடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்கவும் சொல்லுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், எந்தக் குரலில் வாசிப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

7. சைட் ரொம்ப ஸ்லோ. ஹோஸ்டிங் மாத்தினா சரியாயிடுமா?

ஹோஸ்டிங் என்பது தளம் இருக்கும் சர்வர் இடம். அதற்குமுன் முதலில் படங்களைப் பாருங்கள். போனில் எடுத்த 4000 × 3000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றினால் நான்கைந்து எம்பி. திரையில் அது 360 பிக்சல் அகலத்தில் தெரியப்போகிறது. அடர்த்தி மூன்று மடங்குள்ள போனுக்கும் 1080 பிக்சலே போதும். பெரிய திரைக்கும் சேர்த்து 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவில், தரம் 75-80 என்று சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கும். நிரலில் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் படம் இறங்கியதும் எழுத்து கீழே குதிக்கும், தொட நினைத்த பட்டன் நகர்ந்து வேறெதையோ தொடுவார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். கீழே உள்ள படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் வசதி நல்லதுதான். அதைப் பக்கத்தின் உச்சியில் உள்ள பெரிய படத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால், முதலில் வர வேண்டியது கடைசியில் வரும். பல பிளக்இன்கள் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்கள்) எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போட்டுவிடுகின்றன. முதல் படத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும்.

படம் சரியானபிறகும் மெதுவாக இருந்தால், வெளியிலிருந்து வரும் நிரல்களை எண்ணுங்கள்: சாட், வரைபடம், வீடியோ, விளம்பரக் கண்காணிப்பு, நான்கு வகை எழுத்துரு. ஒவ்வொன்றாக நிறுத்தி அளந்தால் குற்றவாளி சிக்கும். இவற்றுக்கெல்லாம் பிறகும் சர்வர் முதல் பதிலைத் தரவே ஒரு விநாடிக்கு மேல் எடுத்தால், அப்போது ஹோஸ்டிங்கைப் பற்றிப் பேசலாம்.

8. பேஜ்ஸ்பீட்ல 95 வருது. ஆனா சர்ச் கன்சோல் “மோசம்”னு சொல்லுது. எதை நம்பறது?

இரண்டாவதை. பேஜ்ஸ்பீட் கூகுளின் வேகச் சோதனைக் கருவி, சர்ச் கன்சோல் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவி. 95 என்பது சோதனைச் சூழலில், ஒரே ஒருமுறை, ஒரே பக்கத்தைத் திறந்து பார்த்துப் போட்ட மதிப்பெண். சர்ச் கன்சோல் காட்டுவது உண்மையான பார்வையாளர்களின் குரோம் உலாவியிலிருந்து கடந்த 28 நாளில் சேர்ந்த அளவு. “நல்லது” என்று வர, 75 சதவீத வருகைகளிலாவது திரையில் உள்ள மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கான எதிர்வினை 200 மில்லிவிநாடிக்குள் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது.

தொட்டபின் எவ்வளவு நேரத்தில் எதிர்வினை என்பதை ஒருமுறை திறந்து பார்க்கும் சோதனை அளப்பதே இல்லை, அங்கே யாரும் எதையும் தொடுவதில்லையே. விலை மலிவான போனில் மெனுவைத் தொட்டு அரை விநாடி உறைந்து நிற்பது இங்கேதான் மாட்டும். வழக்கமான காரணம், 7-இல் சொன்ன வெளி நிரல்கள். திருத்தியபின் மறுநாளே பச்சை வராது, 28 நாள் கணக்கு என்பதால் மெல்லத்தான் மாறும்.

9. ஃபார்ம்ல எத்தனை கட்டம் வைக்கலாம்?

முதல் தொடர்புக்குப் பெயர், போன் அல்லது மெயில், என்ன வேண்டும் என்பது போதும். பிறந்த தேதி, நிறுவனத்தின் வருமானம், “எங்களை எப்படி அறிந்தீர்கள்” எல்லாம் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். பிழை வந்தால் எந்தக் கட்டத்தில் என்று அந்தக் கட்டத்தின் கீழேயே சொல்லுங்கள். ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடாதீர்கள்.

10. ஃபார்ம் “நன்றி”ன்னு காட்டுது. ஆனா எங்களுக்கு ஒரு மெயிலும் வரலை.

இந்தப் பக்கத்திலேயே அதிகம் நஷ்டம் தரும் தப்பு இதுதான். தப்பு நடப்பதே யாருக்கும் தெரிவதில்லை. பல ஃபார்ம்கள், நிரப்பியவரின் மெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்களுக்கு அனுப்புகின்றன. பதில் அனுப்ப வசதி என்று அப்படி அமைப்பார்கள். பெறும் சர்வர் என்ன பார்க்கிறது? யாஹூ முகவரியிலிருந்து என்று சொல்லிக்கொண்டு, யாஹூவுக்குச் சம்பந்தமே இல்லாத ஹோஸ்டிங் சர்வரிலிருந்து ஒரு மெயில். ஆள்மாறாட்டம் என்று ஸ்பேமில் தள்ளும், அல்லது திருப்பி அனுப்பும். தன் பெயரில் வரும் இத்தகைய மெயில்களை நிராகரிக்கும்படி யாஹூ 2014-லேயே அறிவித்துவிட்டது.

அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைனின் சொந்த முகவரியை வையுங்கள். வாடிக்கையாளரின் முகவரி “பதில் அனுப்ப” என்ற தனி இடத்தில் இருக்கட்டும். சர்வரின் வெறும் மெயில் வசதியை நம்பாமல், பாஸ்வேர்டு போட்டு உள்நுழையும் எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் முறை வழியாக அனுப்பச் சொல்லுங்கள். டொமைனின் அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பதிவில், மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் இருக்க வேண்டும். எந்தெந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். மெயில் சேவைக்கு ஒன்று, ஹோஸ்டிங்குக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டும் செல்லாது.

இத்தனைக்குப் பிறகும் மெயிலை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு விசாரணையும் தளத்தின் தரவுத்தளத்திலும் சேமிக்கப்பட வேண்டும். மாதம் ஒருமுறை, உங்கள் அலுவலக முகவரி அல்லாத வேறொரு முகவரியைக் கொடுத்து நீங்களே ஃபார்மை நிரப்பிப் பாருங்கள்.

11. எங்க கம்பெனி பேரையே போட்டுத் தேடினாலும் கூகுள்ல வரலையே?

தளம் உருவாகும்போது, பாதி வேலை வெளியே தெரியக் கூடாது என்று “தேடுபொறிகள் வேண்டாம்” என்ற அமைப்பைப் போட்டிருப்பார்கள். தளம் உருவாக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இதற்கு ஒரே ஒரு டிக். திறப்பு விழா அவசரத்தில் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். முதலில் அதைப் பாருங்கள். பிறகு சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (பக்க முகவரிகளின் பட்டியல்) கொடுத்து, முகப்பு முகவரியைச் சோதித்தால் கூகுள் ஏன் சேர்க்கவில்லை என்று அதுவே காரணம் சொல்லும்.

பக்கத் தலைப்பும் முக்கியம். எல்லாப் பக்கத்துக்கும் “முகப்பு” என்றோ நிறுவனப் பெயர் மட்டுமோ தலைப்பாக இருக்கும் தளங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தச் சேவையின் பெயரை முன்னால் வைத்துத் தனித் தலைப்பு கொடுங்கள். பக்கத்தின் நிரலில் உள்ள “கீவேர்டு” குறியில் மறைவாக நூறு சொல் நிரப்பித் தருவதாகச் சொல்பவருக்குப் பணம் தர வேண்டாம். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

12. வந்த உடனே ஆஃபர் பாப்-அப் காட்டினா நல்லதுதானே?

வந்தவர் இன்னும் நீங்கள் யாரென்றே படிக்கவில்லை. தேடலிலிருந்து போனில் வருபவருக்கு உள்ளடக்கத்தை மறைத்து நிற்கும் பாப்-அப் தரவரிசையைக் குறைக்கலாம் என்பது 2017 ஜனவரியிலிருந்து கூகுளின் கொள்கை. மேலே ஒரு மெல்லிய பட்டையாக வையுங்கள்.

13. டொமைன் டிசைனர் பேர்ல இருக்கு. நம்ம ஆளுதான், பிரச்சினை வருமா?

உறவு நன்றாக இருக்கும்வரை வராது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நீங்கள் வருடாவருடம் பணம் கட்டியது அவருக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம். அவர் தொழிலை விட்டாலோ, போன் நம்பரை மாற்றினாலோ, மெயில் உட்பட எல்லாம் நிற்கும். இப்போதே டொமைன் பதிவு நிறுவனம் ஒன்றில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, டொமைனின் பூட்டைத் திறக்கச் சொல்லி, மாற்றக் குறியீட்டை வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகப் பதிந்த அல்லது அண்மையில் மாற்றிய டொமைனுக்கு வழக்கமாக 60 நாள் தடை உண்டு.

கணக்கின் மீட்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நிற்கும், எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கு வரவே வராது. டாட்காம் போன்றவற்றில் காலாவதிக்குப் பிறகு கொஞ்சநாள் சலுகை, பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அதற்கும் பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

14. புது டிசைன் போட்டதும் கூகுள்ல இருந்த இடம் போயிடுச்சு. டிசைன் பிடிக்கலையா அதுக்கு?

டிசைனைப் பற்றிக் கூகுளுக்குக் கவலையில்லை, முகவரிகள் மாறியிருக்கும். பழைய பக்க முகவரிகள் எல்லாம் இப்போது 404 (பக்கம் இல்லை) பிழை காட்டுகின்றன. வெளித்தளங்கள் கொடுத்த இணைப்புகளும் பல வருடத்து மதிப்பும் அங்கேயே நின்றுவிட்டன.

புதுத் தளம் ஏறுவதற்கு முன்பே பழைய முகவரிகளை ஒரு விரிதாளில் எடுத்து, பக்கத்திலேயே புது முகவரியை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 என்ற நிரந்தரத் திருப்பம் வேண்டும். 302 தற்காலிகம் என்று பொருள்படும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடும் குறுக்கு வழி உதவாது, அதைக் கூகுள் காணாத பக்கமாகவே கணக்கில் வைக்கலாம். திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருடமாவது விட்டுவையுங்கள். ஏற்கெனவே இடம் போய்விட்டது என்றால், சர்ச் கன்சோலின் 404 பட்டியலையும் பழைய பேக்கப்பையும் வைத்து இதே வேலையை இப்போது செய்யுங்கள். 11-இல் சொன்ன அந்த டிக் திரும்பவும் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், புதுப்பிப்பின்போது அடிக்கடி நடப்பது அது.

15. பூட்டுக் குறி வருது, எச்டிடிபிஎஸ் இருக்கு. அப்போ சைட் பாதுகாப்புதானே?

பார்வையாளருக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான் அதன் பொருள். வேர்ட்பிரஸ் தளங்கள் உடைபடுவது பெரும்பாலும் புதுப்பிக்காத பிளக்இன் வழியாக. பயன்படுத்தாத பிளக்இனை நிறுத்தி வைப்பது போதாது, நீக்குங்கள். நிர்வாகிக் கணக்கு ஆளுக்கொன்று வேண்டும், விலகியவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

பேக்கப் ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், ஹோஸ்டிங் போகும்போது அதுவும் போகும். வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். கோப்புகளோடு தரவுத்தளமும் அதில் இருக்கிறதா என்று ஒருமுறையாவது வெற்றிடத்தில் மீட்டுப் பாருங்கள். கோப்பு மட்டும் இருந்து தரவுத்தளம் இல்லாத பேக்கப்பில் படங்கள் கிடைக்கும், எழுதிய ஒரு வரியும் கிடைக்காது.

16. முதலாளிக்கு டிசைன் பிடிச்சிருக்கு. கஸ்டமருக்குப் பிடிக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

“பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பேரைப் பிடித்து, அவரவர் போனிலேயே ஒரு வேலை கொடுங்கள்: “இதுல 50 எண்ணம் வாங்கணும், எத்தனை நாள்ல வரும்னு கண்டுபிடிங்க.” பிறகு வாயைத் திறக்காதீர்கள். “மேல மெனு இருக்கு பாருங்க” என்று நீங்கள் சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. நிஜ வாடிக்கையாளர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

எங்கே விரல் நிற்கிறது, எதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறார், எந்த வரியை வாய்விட்டு இரண்டுமுறை படிக்கிறார் என்பதை மட்டும் குறியுங்கள். ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் முதலாளியிடம் வாதாட வேண்டியதில்லை, அவர்கள் அனுமதியோடு பதிந்த திரைப்பதிவைக் காட்டினால் போதும். அந்த இடத்தை மட்டும் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் கொடுங்கள். பழைய ஐவருக்கு வழி தெரிந்துவிட்டது, அவர்கள் இனி உதவ மாட்டார்கள்.